கொடுக்க முடிகிற புத்தகம்

வணக்கம் ஐயா,
இருபது வருடங்களாகப் புத்தகம் சேர்க்கிறேன். யாருக்கும் இரவல் தருவதில்லை. ‘விட்டுக்கொடுக்க மனமில்லாதவனுக்கு எதுவுமே சொந்தமில்லை’ என்கிறான் நண்பன். அது உண்மையா? இந்தப் பற்றை எப்படி விடுவது?
ர.

அன்புள்ள ர.,

பற்றை விடும் வழி எனக்கும் தெரியாது. உங்கள் நண்பருக்கு உங்கள் அலமாரியில் ஏதோ ஒரு புத்தகத்தின் மேல் கண் என்று மட்டும் தெரிகிறது. கொடுக்காதீர்கள்.

ஆனால் அவர் பேச்சு என்னை வேறெங்கோ இழுத்துவிட்டது. மனம் கிடக்கட்டும், கொடுக்க நினைத்தால் கொடுக்க முடிகிறதா?

போன வருடம் என் நண்பன் ஒருவன் இறந்துபோனான். கண் மங்கிய பிறகு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று மின்நூல்களாகவே வாங்கியவன். அவன் மனைவி கூப்பிட்டு, “வேண்டியதை எடுத்துக்கோங்க” என்றார். எடுக்க முடிந்தது அலமாரியில் இருந்த பழைய புத்தகங்களை மட்டும்தான். மின்நூல்களுக்கும் காசு கொடுத்திருந்தான். ஆனால் ஒப்பந்தப்படி அவன் வாங்கியது படிக்கும் அனுமதி மட்டும். அடுத்தவருக்கு மாற்ற முடியாதது. பத்து வருட வாசிப்பு அவனோடு போயிற்று.

அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று தன் நாவலிலேயே அச்சடித்திருந்தது. மீறி விற்ற கடைக்காரர்கள் மேல் வழக்கு. விற்றுவிட்ட பிரதியைப் பதிப்புரிமையைக் காட்டி அப்படிக் கட்டுப்படுத்த முடியாது என்று 1908இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றாயா, கையை எடு. அவ்வளவுதான். நூறு வருடம் கழித்து, 2009இல், வாசகர்களின் கிண்டில் என்னும் மின்நூல் கருவிகளுக்குள்ளிருந்து ஆர்வெல்லின் ‘1984’ நாவலை, அவற்றை விற்ற அமேசானே அழித்தது. உரிமை இல்லாத ஒருவர் விற்ற பதிப்பாம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். சரி, இருக்கட்டும். விற்ற பிறகும் அந்தக் கை வீட்டுக்குள் வர முடிந்ததே! அதற்குப் பேர் விற்பனையா?

உங்களிடம் ஒரு கோபம் உண்டு. இருபது வருடம் சேர்த்தேன் என்கிறீர்கள், படித்தேன் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இரவல் கொடுக்காதது பாவமில்லை ஐயா, பிரிக்காமல் வைத்திருப்பதுதான். இன்றைக்கே ஒன்றை எடுங்கள். பென்சிலோடு.

என் நண்பனின் புத்தகம் ஒன்றில், ஓரத்தில் ‘சுத்தப் பொய்’ என்று எழுதியிருக்கிறான். அதன் கீழே நேற்று ‘இல்லடா’ என்று எழுதி வைத்தேன்.