மிஷனரிகளின் திங்கட்கிழமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக இங்கிலாந்தில் லங்காஷயரில் சோர்லி என்ற ஊரில் குடும்பத்துடன் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதி. இருவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மோர்மன் சபையின் மிஷனரிகள், ஊட்டா மாநிலத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். தங்கமான மனிதர்கள். ஆனால் திங்கட்கிழமை வந்தால் போதும், காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் லங்காஸ்டர் கோட்டை, ஒரு வாரம் லேக் டிஸ்ட்ரிக்ட், இல்லாவிட்டால் ஏதாவது பழைய சர்ச். திரும்பி வந்து போட்டோ வேறு காட்டுகிறார்கள்.

கால்டுவெல்லைப் படித்து வளர்ந்த எனக்கு இது உறுத்துகிறது. வந்த மண்ணிலேயே வாழ்ந்து மடிந்தவர்கள் எங்கே, சபைக் காசில் ஊர் சுற்றும் இவர்கள் எங்கே? இதற்குப் பெயர் ஊழியமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலைப் பார்க்கப் போனேன், பூட்டியிருந்தது. என் மனைவி போட்ட ஃபில்டர் காபியையும் தொடவில்லை. இப்போது ஞாயிறு ஆராதனைக்கு வரச்சொல்லி அழைக்கிறார்கள். போகலாமா?

ஒரு வாசகர், சோர்லி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

காபியை முதலில் முடித்துவிடுவோம். காபி, தேயிலை, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. உங்கள் மனைவியின் கைமணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த தடவை பாதாம் பால் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது காசு. அது சபைக் காசு இல்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை (அவர்களுக்கு இந்த முழுப்பெயர்தான் பிடிக்கும், 'மோர்மன்' என்பதை இப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள்) வயதான தம்பதிகளுக்குச் சம்பளம் தருவதில்லை. சாப்பாடு, கார், வாடகை எல்லாம் அவர்கள் கையிருப்பிலிருந்து. 2011 முதல் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள், அதற்கு மேல் போவதைச் சபை ஏற்கும். அவ்வளவுதான். ஆக, பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு, சொந்தப் பணத்தில், சபை சொன்ன ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெறும் சுற்றுலாதான் நோக்கம் என்றால் அந்தப் பணத்துக்கு வெயிலடிக்கிற ஊராகப் பார்த்துப் போயிருக்கலாம். லங்காஷயர் மழைக்கு யார் வருவார்கள்?

மிஷனரி என்றதும் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறவர்கள் என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் 18, 19 வயதுப் பிள்ளைகளின் வேலை. வயதான தம்பதிகளுக்குக் கிடைப்பது அலுவலகக் கணக்கு, அந்த இளைஞர்கள் தங்கும் வீடுகளின் மேற்பார்வை, கோயில் பணி, நிவாரண வேலை, பழைய ஆவணங்களைப் படமெடுப்பது போன்றவை. ஆள் குறைந்த ஒரு சிறு சபைக்குப் போய்ப் பியானோ வாசிப்பதும், வகுப்பெடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துவிட்டு வருவதும்கூட உண்டு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, ஊர் பார்க்க என்று விடுகிறார்கள். இளைஞர்களுக்கு அது வழக்கமாகத் திங்கட்கிழமை. வயதானவர்களுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது.

நீங்கள் பூட்டியிருக்கப் பார்த்தது சோர்லியில் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் அந்த வெள்ளைக் கோபுரக் கட்டடம்தானே? அது 1998-இல் திறந்த பிரெஸ்டன் கோயில். ஞாயிறு ஆராதனை அங்கே நடப்பதில்லை. அது திருமண முத்திரை (கணவன் மனைவியை மரணத்துக்குப் பிறகும் இணைத்துவைப்பதாக அவர்கள் நம்பும் சடங்கு), முன்னோர்களுக்காகச் செய்யும் சடங்குகள் போன்றவற்றுக்கான இடம். ஞாயிறன்று மூடிவிடுவார்கள், திங்களும் பெரும்பாலும் அப்படியே. மற்ற நாட்களிலும் சபையின் அனுமதிச்சீட்டு உள்ள உறுப்பினர்தான் உள்ளே போகலாம். ஆராதனை வேறொரு சாதாரண மண்டபத்தில் நடக்கும்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். உங்கள் ஊர் அவர்களுக்கு வெளிநாடு மட்டுமில்லை. 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் தலைமையில் ஏழு பேர் லிவர்பூலில் இறங்கி பிரெஸ்டனுக்கு வந்தார்கள். அந்தச் சபை கடல் கடந்து போன முதல் பயணம் அதுதான். ஜூலை 30 அன்று ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். முதல் ஆளாக யார் இறங்குவது என்று ஓட்டப்பந்தயமே நடந்தது. ஜார்ஜ் வாட் என்ற இளைஞர் ஜெயித்தார்.

அப்படிச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் பஞ்சாலைத் தொழிலாளிகள். நம் நெசவாளர் வயிற்றில் அடித்த அதே லங்காஷயர் ஆலைகளில் அரைவயிற்றுக் கூலிக்கு வேலை செய்தவர்கள். 1840 முதல் கூட்டம் கூட்டமாக லிவர்பூலில் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். காசில்லாதவர்களுக்கு உதவ 1849-இல் சபை ஒரு குடியேற்ற நிதியே தொடங்கியது. இன்று ஊட்டாவில் குடும்ப வரலாற்றைத் தோண்டினால் இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் போய் நிற்பவர்கள் ஏராளம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பழைய சர்ச்சுகளைச் சுற்றுகிறார் என்கிறீர்களே, கல்லறைத் தோட்டத்தில் குனிந்து கல்லைப் படிக்கிறாரா என்று கவனியுங்கள். முப்பாட்டன் பெயரைத் தேடுகிறார் என்றே நினைக்கிறேன். இறந்துபோன முன்னோர்க்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. பெயர் கிடைத்தால்தானே செய்ய முடியும்? திங்கட்கிழமை கல்லறையில் குறித்த பெயர் செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வந்துவிடலாம். இதில் எதுவரை சுற்றுலா, எங்கிருந்து ஊழியம் என்று நீங்கள் பிரிப்பீர்களா? என்னால் முடியவில்லை.

வூஸ்டர்ஷயரில் கேட்ஃபீல்டு எல்ம் என்று ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. 1836-இல் வேறொரு குழுவினர் கட்டியது. 1840-இல் இந்தச் சபையின் மிஷனரி வில்ஃபோர்டு உட்ரஃப் வந்து பிரசங்கித்ததும் அந்தக் குழு, ஏறக்குறைய 600 பேர், மொத்தமாக இந்தச் சபையில் சேர்ந்துவிட்டது. அப்புறம் கப்பல் செலவுக்காக ஆலயத்தையே விற்றுவிட்டுப் போனார்கள். இடிந்து கிடந்ததை 1990களில் உள்ளூர் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து வாங்கிச் செப்பனிட்டு, 2004-இல் சபையிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் நண்பர்கள் இன்னும் அங்கே போகவில்லை என்றால் நிச்சயம் போவார்கள்.

கால்டுவெல்லைச் சொன்னீர்கள். அவரும் ஊர் பார்த்தவர்தான். 1841-இல் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நேர்வழியில் போகாமல் நீலகிரி வரை சுற்றிக்கொண்டு நடந்தார், மக்களைப் பார்க்கவேண்டும் என்பதற்காக. 1891-இல் அவர் உயிர் பிரிந்தது கொடைக்கானலில். அந்தக் கொடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்களே மதுரையில் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மலையேறிய அமெரிக்க மிஷனரிகள். வேறுபாடு ஓய்வில் இல்லை, எவ்வளவு காலம் தங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. கால்டுவெல்லின் மனைவி எலிசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள். இடையன்குடிப் பெண்களிடம் தமிழிலேயே பேசிப் பழகிப் பள்ளி நடத்தினார். பதினெட்டு மாதத்தில் திரும்பிப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஒரு சின்ன சபை பியானோவுக்கு ஒருவரைப் பழகிக்கொள்ளும்போது அவர் பெட்டி கட்டிவிடுவார்.

எனக்கு இருக்கும் குறை வேறு. தங்கள் முன்னோர் விட்டுப்போன இங்கிலாந்தையே இவர்கள் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். இன்றைய பிரெஸ்டனில் குஜராத்திகள் கோயில் கட்டியிருக்கிறார்கள், மசூதிகள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் காட்டிய போட்டோவில் அதெல்லாம் இருந்ததா? சபை மீதும் விமர்சனம் உண்டு. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்கவில்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களுக்கும் ஞானஸ்நானம் செய்து, எதிர்ப்பு வந்த பிறகு 1995-இல் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். இதையெல்லாம் நீங்கள் அவர்களிடமே கேட்கலாம், சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஞாயிறு தாராளமாகப் போங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம், 2019-க்கு முன்னால் மூன்றாக இருந்தது. சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது, உறுப்பினர்களே மாற்றி மாற்றிப் பேசுவார்கள், சில பேச்சு கொட்டாவி வரவைக்கும். ரொட்டியும், திராட்சரசத்துக்குப் பதில் தண்ணீரும் வரும், நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. குழந்தைகள் இஷ்டத்துக்குச் சத்தம் போடும். காணிக்கைத் தட்டு வராது. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று அவர்கள் உபவாசம் இருந்து, நினைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள், புதிதாகப் போகிறவருக்குத் தலைகால் புரியாது. முடிந்ததும் இரண்டு இளைஞர்கள் வந்து, வீட்டுக்கு வரலாமா என்று உங்கள் போன் நம்பர் கேட்பார்கள். விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம், அவர்கள் செவ்வாய்க்கிழமை மாலை வாசலில் வந்து நிற்பார்கள்.