தக்கைக்கு எவ்வளவு ஈயம்?

அன்புள்ள ஐயா,

எட்டு வயது மகளோடு ஊர்க் குளத்தில் கெண்டையும் ஜிலேபியும் பிடிக்கப் போகிறேன். புழு பறிபோகிறது, மீன் சிக்குவதில்லை. நல்ல கார்பன் கழி வாங்கினால் சரியாகுமா? எட்டடிக் கழியும் நரம்பு சுற்றும் 4000 அளவு ரீலும் எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். எந்தக் கம்பெனி நல்லது?

கே.

அன்புள்ள கே.,

உள்ளங்கை அளவு மீனுக்கு 4000 ரீலா? ரீலே வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் 3.6 மீட்டர் கைக்கழி எடுங்கள், நுனி மெலிந்து வளையவேண்டும். விறைத்த நுனியென்றால் தூண்டில் நரம்பு அறும், இல்லை கெண்டையின் உதடு கிழியும். நரம்பு 0.14 மி.மீ.; கழியைவிட ஓரடி குறைவாக விட்டால் மீன் நேராகக் கைக்கு வரும். கம்பெனி எதுவாகவும் இருக்கட்டும்.

ஆனால் புழு பறிபோவதற்கும் கழிக்கும் என்ன சம்பந்தம்? காசைக் கொட்டுமுன், நரம்பில் கட்டி மிதக்கவிடும் தக்கையைப் பார்த்தீர்களா? பருத்த தக்கை பாதி உடம்பு வெளியே தெரிய மிதந்தால், கெண்டை இரையை உறிஞ்சும்போதே அந்த மிதப்பு எதிர்த்து இழுக்கும். மீன் துப்பிவிட்டு ஓரமாகக் கடித்துத் தின்னும்.

மெல்லிய குச்சித் தக்கை போதும், மயிலிறகுத் தண்டும் ஆகும். வாளி நீரில் தூண்டில் முள்ளோடு இறக்கி, தக்கையின் நுனி நகமளவு மட்டும் தெரியும்வரை நரம்பில் ஈயக் குண்டுகளைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். அவசரப்படாதீர்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. பெரும்பங்கு ஈயம் முள்ளுக்கு ஒன்றரை அடி மேலே, கடைசிச் சிறு குண்டு மட்டும் முள்ளுக்கு நான்கு விரற்கடை மேலே. குளத்தில் புழு தரையில் கிடக்க, அந்தக் குண்டு தரைக்குச் சற்று மேலே தொங்கவேண்டும். தக்கை படுத்துக்கொண்டால் ஈயம் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். தக்கையை முள்பக்கமாக நகர்த்துங்கள்.

மீன் புழுவை எடுத்துத் தலை நிமிர்ந்தால் குண்டின் பாரம் நீங்கித் தக்கை மேலெழும். அப்போதே மணிக்கட்டால் சுண்டுங்கள். அமிழட்டும் என்று காத்திருந்தால் புழுவும் போகும், மீனும் போகும்.

முள் எண் 14 அல்லது 16. எண் ஏற ஏற முள் சிறுக்கும். முழுப் புழுவைத் தொங்கவிடாதீர்கள், அரை அங்குலத் துண்டு போதும்.

பிள்ளைக்குத் தனியாக 2.7 மீட்டர் கழி வாங்கிக் கொடுங்கள்; நீளக் கழி அவள் மணிக்கட்டை வலிக்கவைக்கும். மின்கம்பி போகும் கரைப்பக்கம் அவளை நிறுத்தவே கூடாது, கார்பன் மின்சாரம் கடத்தும். அவளுடைய முள்ளின் எதிர்முள்ளை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு கொக்கியை, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் சுலபமாக எடுத்துவிடலாம்.