வாசகர் கேள்வி – பதில்: கிருபைக்குக் கூலிக் கணக்கு உண்டா?

கேள்வி: என் மாமியார் சிறு வயதிலிருந்தே பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒருவேளை உணவு என்று எதையும் அவர் தவறவிட்டதில்லை. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு, “ஆண்டவருக்கு என்று ஒன்றும் செய்ய முடியவில்லையே, என்னை ஏற்றுக்கொள்வாரா?” என்று அழுகிறார். ஜெபிக்க வந்த சபைப் போதகரான ஐயர், நம் தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவாகிய கிருபையினால்தான் இரட்சிப்பு என்று சொன்னார். “கிரியையில்லாத, அதாவது நற்செயல் இல்லாத, விசுவாசம் செத்தது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியிருக்கிறாரே” என்று மாமியார் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது? – ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, தங்கள் மாமியாரை ஆண்டவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை முதலில் அவரிடம் தயக்கமின்றிச் சொல்லுங்கள். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இத்தகைய நேரங்களில் உறவினர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. “நீங்கள் செய்யாத ஊழியமா? உங்களை ஏற்றுக்கொள்ளாமல் ஆண்டவர் வேறு யாரை ஏற்றுக்கொள்வார்?” என்பார்கள். அன்பினால் சொல்லப்படும் இந்த வார்த்தையை அவரிடம் சொல்லாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், அவருடைய பயத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. செய்த ஊழியத்தை நம்பச் சொன்னால், செய்யத் தவறியதும் உடனே நினைவுக்கு வரும். இரவில் தூக்கமின்றிப் படுத்திருப்பவருக்கு இரண்டாவது பட்டியல்தான் நீளமாகத் தெரியும்.

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூலி எப்படி வருகிறது என்பதைக் குடியாத்தத்தில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலையும் தூளும் வாங்கி வந்து, சுற்றி, கட்டுக் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள்; சரியில்லாதவற்றைக் கழித்துவிடுவார்கள்; கை ஓய்ந்த வாரத்தில் காசு இல்லை. வாழ்நாள் முழுவதும் இந்தக் கணக்கிலேயே உழைத்த ஒருவர், கடவுளும் அப்படித்தான் கட்டுகளை எண்ணி, கழித்து, மீதிக்குக் கூலி கொடுப்பார் என்று நினைப்பது இயல்பே. பவுல் அப்போஸ்தலன் இதே கூலிக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் ரோமர் 4ஆம் அதிகாரத்தில் வாதிடுகிறார். “கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்” என்கிறார். உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பவர் தயவு எதையும் காட்டவில்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்கிறார் என்பது இதன் பொருள். கடவுளோ எவருக்கும் கடன்பட்டவர் அல்லர். அடுத்த வசனத்தில், பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனுக்கு, அந்த விசுவாசமே நீதியாக எண்ணப்படும் என்று பவுல் எழுதுகிறார். தங்கள் மாமியார் நல்ல கைகால்களோடு உபவாசக் கூட்டத்துக்கு நடந்துபோன நாட்களிலும் அவரை நிலைநிறுத்தியது இந்தக் கிருபைதான். இப்போது கை ஓய்ந்ததால் அது குறைவதற்கு இடமே இல்லை.

யாக்கோபைப் பற்றி அவர் கேட்டது நல்ல கேள்வி. அதை ஒதுக்கிவிடக் கூடாது. பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்; “அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்” என்ற ஆதியாகமம் 15:6ஐ இருவருமே எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த வசனம் வரும் இடத்தைக் கவனியுங்கள். அப்போது ஆபிரகாமுக்கு விருத்தசேதனம் நடக்கவில்லை; அது 17ஆம் அதிகாரத்தில், அவனுக்கு 99 வயதானபோது நடக்கிறது. இடையில் இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு வயது 86. ஆகவே, அவன் நீதிமானாக எண்ணப்பட்டதற்கும் அந்தச் சடங்குக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகளாவது கடந்திருக்கின்றன. பவுல் தன் வாதத்தை இந்தக் கால வரிசையின்மேல் கட்டுகிறார். யாக்கோபு பேசுவதோ 22ஆம் அதிகாரத்தைப் பற்றி. ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்தியபோது, முன்பே இருந்த விசுவாசம் உயிருள்ளதென்று விளங்கியது என்கிறார். வாயினால் மட்டும் விசுவாசி என்று சொல்லிக்கொண்டு, வஸ்திரமில்லாத சகோதரனைப் பார்த்து “குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று அனுப்பிவிடுகிறவனைத்தான் அவர் கண்டிக்கிறார். செய்ய மனமிருந்தும் உடல் இடங்கொடாமல் அழுகிற ஒரு தாயை நோக்கி அந்த நிருபம் எழுதப்படவில்லை. அந்த அழுகையே அவருடைய விசுவாசம் சாகவில்லை என்பதற்குச் சாட்சி.

லூக்கா 23ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனுக்குக் கைகால் அசைக்க வழியில்லை. ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, இனி ஒரு நற்காரியம் செய்யக் காலமும் இல்லை. “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது. வீட்டுக்கே வந்து, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தைக் கொடுக்கும்படி ஐயரிடம் கேளுங்கள். நோயாளிகளுக்கு அப்படிக் கொடுக்கும் முறை நம் சபையில் இருக்கிறது.

கேள்வி: கிரியையினால் இரட்சிப்பு இல்லை என்றால் பத்துக் கட்டளைகள் எதற்கு? எப்படியும் வாழலாம் என்று ஆகிவிடாதா? – ஒரு கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, இந்தக் கேள்வி பவுலின் காலத்திலேயே எழுந்தது. ரோமர் 6ஆம் அதிகாரம் அதற்குப் பதிலாகவே தொடங்குகிறது.

நம் வட ஆர்க்காட்டுச் சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பூர்விகம் உண்டு. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன், சீர்திருத்தச் சபை என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்தது. அந்தச் சபை ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கைகளில் ஒன்று 1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை. அதில் 129 கேள்விகள் மூன்று பகுதிகளாக உள்ளன: மனிதனின் அவலநிலை, அவனுடைய மீட்பு, அவன் செலுத்தும் நன்றி. பத்துக் கட்டளைகள் எந்தப் பகுதியில் விளக்கப்படுகின்றன தெரியுமா? மூன்றாவதான நன்றியில். மீட்கப்படுவதற்கு ஏறவேண்டிய படிகளாக அவை வைக்கப்படவில்லை. யாத்திராகமம் 20ஐத் திறந்து பார்த்தாலும் இதுவே வரிசை. முதல் கட்டளைக்கு முன்பாக, “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே” என்ற வசனம் நிற்கிறது. விடுதலை முடிந்த பிறகுதான் கட்டளை வருகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குறிக்கோள் வாக்கியம், ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்ற மத்தேயு 20:28இன் முற்பகுதி. அந்த வசனத்தின் பிற்பகுதி, அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்தார் என்று முடிகிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியதைப் பரலோகத்தில் இடம் வாங்கும் முயற்சியாக எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஏற்கெனவே மீட்கப்பட்ட ஒருவரின் கைகள் செய்த வேலையாகவே பார்க்கிறேன். எப்படியும் வாழலாம் என்று ஒருவன் சொன்னால், தான் எதிலிருந்து மீட்கப்பட்டான் என்பதையே அவன் இன்னும் அறியவில்லை.

கேள்வி: எங்கள் மருமகள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவர்கள் கிரியைகளை நம்புகிறவர்கள், நாம் கிருபையை நம்புகிறவர்கள் என்று சபையில் சிலர் பேசுகிறார்கள். இது சரியா? – ஆரணி வாசகர்

பதில்: ஐயா, அந்தப் பேச்சை நிறுத்திவிடுவது நல்லது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதனாலும் அன்றி, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் அதில் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும், 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இதில் இணைந்தன. வேறுபாடுகள் அனைத்தும் தீர்ந்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் உங்கள் மருமகளின் விசுவாசத்தைக் குறைத்துப் பேச இந்தக் காரணத்தை இனி எவரும் காட்ட முடியாது.

கேள்வி: எனக்கு விசுவாசம் மிகக் குறைவு. அதனால் சில மாதங்களாகத் திருவிருந்து எடுக்காமல் பின்னாலேயே உட்கார்ந்துவிடுகிறேன். – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராணிப்பேட்டை

பதில்: அம்மா, விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிக்கொண்டு, அது போதிய அளவு சேர்ந்தால்தான் கிருபை வரும் என்று தாங்கள் நினைக்கிறீர்கள். என் விசுவாசத்தின் தகுதியினால் நான் கடவுளுக்குப் பிரியமாவதில்லை என்று மேலே சொன்ன வினாவிடையின் 61ஆம் பதில் தெளிவாகக் கூறுகிறது. விசுவாசம் பெற்றுக்கொள்ளும் வழி மட்டுமே. பெறுவது கிறிஸ்துவின் நீதியை. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சொன்ன தகப்பனிடம், போய்ப் பலப்பட்டு வா என்று இயேசு சொல்லவில்லை; அவன் பிள்ளையை அப்போதே குணமாக்கினார். தன்னைத்தானே சோதித்தறியும்படி சொல்கிற 1 கொரிந்தியர் 11:28கூட, சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் முடிகிறது, புசியாமல் இருக்கக்கடவன் என்று அல்ல. அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, அந்தத் தகப்பனின் ஜெபத்தையே சொல்லிக்கொண்டு முன்னே செல்லுங்கள்.