பனி மூட முதல் போய்ச் சேருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நுவரெலியாவையும் ஹோர்டன் சமவெளியையும் பற்றியவை. பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்று அதிலேயே தெரிகிறது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள் (12, 8, 4 வயது), முழங்கால் வலியுள்ள என் மாமியார். மூன்று நாள்தான் லீவு. கண்டி, நுவரெலியா, ஹோர்டன் சமவெளி, எல்ல, துன்ஹிந்த அருவி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று என் கணவர் சொல்கிறார். முடியுமா? (கொக்குவில் வாசகி)

பதில்: வாகனத்துக்குள் இருந்தபடி பார்க்கலாம். இறங்கிப் பார்க்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 வீதியில் 320 கிலோமீட்டர் அளவு. அதற்கு மேல் நுவரெலியாவுக்கு எண்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் றம்பொடை ஏற்றமும் வளைவுகளும் இருக்கிற அந்தத் துண்டுக்கு இரண்டரை மூன்று மணித்தியாலம் வேண்டும், சின்னவனுக்கு வாந்தி வந்தால் இன்னும் கூட. போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என்றால் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் எல்லவும் துன்ஹிந்தவும் எங்கே வரப்போகின்றன? இரண்டையும் வெட்டிவிடுங்கள். கண்டியைப் போகிற வழியில் சாப்பாட்டுக்கு நிற்கிற ஊராக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் லீவை ஒரு நாள் கூட்டுங்கள்.

மிச்சமிருக்கிற அந்த நாளின் காலையை ஹோர்டன் சமவெளிக்குக் கொடுங்கள். காலை என்று நான் சொல்வது விடியற்காலையை. நுவரெலியாவிலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பாதை ஒடுக்கம், ஒன்று ஒன்றேகால் மணித்தியாலம் ஓடும். சமவெளி ஒரு தேசியப் பூங்கா, அதன் கேட் ஆறு மணிக்குத் திறக்கும். ஆகவே அறையிலிருந்து ஐந்து மணிக்கு முன் வெளிக்கிட வேண்டும். ஏன் இந்த அவசரம் என்றால், ஒன்பது பத்து மணியானதும் பள்ளத்திலிருந்து முகில் ஏறி, 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்பை மூடிவிடும். பிந்திப் போனவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, அதன் முன்னால் நின்று படமெடுத்துவிட்டு வருவார்கள். நேரத்துக்குப் போனால் காலுக்குக் கீழே 800 மீட்டருக்கு மேல் ஆழம் தெரியும், அடியில் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களும் பொட்டுப் பொட்டாகத் தெரியும், வானம் நன்றாகத் தெளிந்திருந்தால் தெற்குக் கடலும் தெரியும்.

முழுச் சுற்று ஒன்பது கிலோமீட்டர் அளவு. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர்ஸ் அருவி மூன்றும் அதற்குள் வந்துவிடும். நடக்க மூன்று நான்கு மணித்தியாலம். பாதி புல்வெளி, பாதி வேரும் கல்லும் சேறும். 12 வயதுப் பிள்ளை ஓடும், 8 வயது நடக்கும், 4 வயது முதல் ஒரு கிலோமீட்டருக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து பிறகு "தூக்கு" என்று நிற்கும். உங்கள் கணவரின் முதுகு தாங்குமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். உலக முடிவை முதலில் பாருங்கள், அருவியைத் திரும்பும்போது பார்க்கலாம், அது பனிக்குள்ளும் இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அந்த விளிம்பில் பெரிதாகத் தடுப்பு எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஆகவே பிள்ளைகளின் கை பெரியவர்களின் கைக்குள் இருக்கட்டும், படமெடுக்கிற நேரத்திலும்.

மாமியாரைக் கூட்டிப்போய் வாகனத் தரிப்பிடத்தில் நான்கு மணித்தியாலம் குளிரில் இருத்தி வைப்பது சரியில்லை. அவரும் சின்னவனும் அறையில் நித்திரை கொள்ளட்டும், உங்களில் ஒருவர் அவர்களோடு நில்லுங்கள். பின்னேரம் எல்லோருமாகக் கிரகரி வாவிக்குப் போகலாம். அடுத்த நாள் காலை, ஊருக்குத் திரும்ப முன், வெலிமடை வீதியில் சீதா எலிய அம்மன் கோயிலும் அதற்கு அப்பால் ஹக்கல பூங்காவும் மாமியாருக்கென்றே வைத்த இடங்கள். கோயிலுக்கு வீதியோரத்திலிருந்து சில படிகள்தான், 2024 மே மாதம் கும்பாபிஷேகமும் நடந்தது. பக்கத்து ஓடையில் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் காலடி என்று காட்டுவார்கள். ஹக்கல 1861இல் சின்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம். குவினைன் மருந்து அந்த மரப்பட்டையிலிருந்துதான் எடுத்தார்கள். அங்கே வாங்கு நிறைய உண்டு, இருந்து இருந்து போகலாம்.

கேள்வி: சமவெளிக்குள் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்களாமே? பிள்ளைகள் பசி தாங்கமாட்டார்கள். (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: சாப்பாட்டை விடுவார்கள், பொலித்தீனைத்தான் விடமாட்டார்கள். கேட்டடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். லன்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சலோடு போய் நின்றால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும், சோறும் கையுமாக நிற்பீர்கள். முதல் நாள் இரவே ரொட்டியையும் கட்டச் சம்பலையும் வாழையிலையில் கட்டி மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி, கொஞ்சம் வாழைப்பழம். போதும்.

இந்தச் சோதனை வீண் கெடுபிடி என்று சிலர் எழுதியிருந்தார்கள். இல்லை. மகாவலி, களனி, வளவை மூன்றின் தலைப்பு நீரும் அந்த மேட்டிலிருந்துதான் வருகிறது. தரிப்பிடத்தில் ஆளைக் கண்டதும் மரைகள் (பெரிய மான்கள்) கிட்ட வந்து நிற்கும், பிள்ளைகளுக்கு ஆசை வரும், ஆனால் பாண் துண்டைக்கூடக் கொடுக்க வேண்டாம். மனிதர் கையால் தின்று பழகிய மரை பிறகு குப்பையையும் பொலித்தீனையும் தின்னும், வயிற்றில் அடைத்துச் சாகும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை. காலையில் வானம் தெளிவாக இருக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் சமவெளிப் புல் மேல் உறைபனியும் சில நாட்களில் விழும், அதற்கேற்ற உடுப்பு வேண்டும். ஏப்ரல்தான் 'சீசன்': குதிரைப் பந்தயம், பூக்காட்சி, கார்ப் பந்தயம் எல்லாம் உண்டு, கூடவே அறை வாடகை கண்ணைக் கட்டும், ஊருக்குள் வாகனம் நகராது. கூட்டமும் கொண்டாட்டமும் பிடித்தவர்கள் போங்கள், எனக்குப் பிடிக்காது. ஓகஸ்ட் விடுமுறையில் காற்றும் தூறலும் இருக்கும், இடையில் நல்ல காலைகளும் கிடைக்கும், ஆகவே இரண்டு காலையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை கடுமையாக இருந்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் வெளிக்கிட வேண்டாம். அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

கேள்வி: கொழும்பிலிருந்து கோச்சியில் (ரயிலில்) போவதா, சொந்த வாகனத்தில் போவதா? எனக்கு மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: உங்கள் கடைசி வசனத்திலேயே பதில் இருக்கிறது. கோச்சியில் போங்கள். நுவரெலியாவுக்கு இப்போது நிலையம் இல்லை, நானுஓயாவில் இறங்கி எட்டுக் கிலோமீட்டர் அளவு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகவேண்டும். 1885இல் பாதை நானுஓயா வரை வந்தது, பதுளையைத் தொட 1924 ஆனது. அந்த மலையைக் குடைந்து போட்ட பாதையைப் பார்த்தால் ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்று விளங்கும். ஆசன முன்பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும், ஆகவே தேதி முடிவானதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பெருமழைக்குப் பிறகு பாதை எதுவரை ஓடுகிறது என்றும் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மிதிபலகையில் தொங்கிப் படமெடுக்கிற வயது வந்த பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அவர்களுக்கு யன்னல் ஓரத்தைக் கொடுத்துச் சமாளியுங்கள்.

அப்படியும் காரில்தான் போவேன் என்றால், ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் 'எல்' அல்லது '2' இல் போடுங்கள். நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. நானுஓயா ரதல்ல குறுக்குவழியைக் கூகுள் காட்டும், எடுக்காதீர்கள். 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வானோடும் ஆட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். மிச்சப்படுத்துகிற நேரம் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது. சமவெளிக்குள் போக எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டா?

பதில்: இல்லை. வெளிநாட்டவருக்கான கட்டணம் நமக்குள்ளதைப் போல் பல மடங்கு. அண்ணாவிடம் இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ மறக்காமல் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். "நானும் தமிழ்தானே கதைக்கிறேன்" என்பது அந்த யன்னலில் எடுபடாது. நீங்களும் உங்கள் அடையாள அட்டையை அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

கேள்வி: ஹோர்டன் சமவெளியில் யானை இருக்கா? சிறுத்தை வருமா? (ஐந்தாம் வகுப்பு மாணவி, மட்டக்களப்பு)

பதில்: யானை இப்போது இல்லை மகள். முன்பு இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் துவக்கோடு வந்தவர்கள் இந்த மலையெல்லாம் வேட்டையாடித் திரிந்தார்கள். ரொஜர்ஸ் என்ற ஒரு மேஜர் மட்டும் ஆயிரத்து நானூறு யானை வரை சுட்டான் என்பார்கள். அவன் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தான், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. சிறுத்தை இருக்கிறது, ஆனால் அது உன்னைப் பார்க்கும், நீ அதைப் பார்ப்பது அபூர்வம். மரை கட்டாயம் பார்ப்பாய். காட்டோரம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றால், முகம் கறுத்த மந்தி கிளையில் இருந்து உன்னை எட்டிப் பார்க்கும். தம்பி கத்தாமல் இருக்க வேண்டும், அதற்கு நீதான் பொறுப்பு.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, கொழுந்து எடுக்கும் பெண்களோடு படமெடுக்க என் மகளுக்கு ஆசை. கேட்டால் விடுவார்களா? (திருச்சி வாசகி)

பதில்: கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். அவர்கள் வேலையில் நிற்கிறார்கள். அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ என்று ஒன்று உண்டு, அது வராவிட்டால் பல இடங்களில் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழாது, அரைப்பேர்தான். மழை பெய்து கொழுந்து நனைந்திருந்தால் நிறுவையில் தண்ணீருக்கென்று கழிப்பதும் உண்டு. நீங்கள் பத்து நிமிடம் நிற்பாட்டி வைத்தால் அந்தப் பத்து நிமிடக் கொழுந்து போய்விடும். மத்தியானம் நிறுவைக்குக் கூடையை இறக்கிவிட்டு இருக்கிற நேரத்தில் போய்க் கதையுங்கள். விரலைப் பார்க்கச் சொல்லுங்கள் மகளிடம், கொழுந்துக் கறை நகக்கண்ணில் ஏறிக் கறுத்திருக்கும், சவர்க்காரத்துக்கும் போகாது. இந்த அம்மாக்களின் முன்னோர் உங்கள் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். எந்த ஊர் என்று கேட்டால் படத்தை விட நல்ல கதை கிடைக்கும். லயத்துப் பிள்ளைகளுக்குச் சில்லறை நீட்டாதீர்கள், வீட்டு வாசலுக்குள் கமராவை நீட்டாதீர்கள்.

தேயிலை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் லபுக்கலையில் வீதியோரத் தொழிற்சாலையிலேயே காட்டுவார்கள். வாட்டுவது, அரைப்பது, நொதிக்க விடுவது, சூட்டில் உலர்த்துவது, சல்லடையில் தரம் பிரிப்பது எல்லாம் சத்தமும் வாசமுமாக அரை மணித்தியாலத்தில் முடியும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு போகிறோம். குளிர் தாங்குமா?

பதில்: ஊரின் உயரம் 1,868 மீட்டர், பகலில் வெயில் இருந்தால் சுகமாகத்தான் இருக்கும், இரவில்தான் கடிக்கும். தடித்த ஒரு உடுப்பை விட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. குல்லா, மேசு கட்டாயம். அறை பதியும்போது சுடுதண்ணீர் எந்த நேரம் வரும், ஹீட்டர் உண்டா, மேலதிகக் கம்பளி தருவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள், யார் கொண்டுவந்து தந்தாலும் சரி. அதிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். குழந்தைக்குச் சளியோ இழுப்போ இருந்தால் இந்த முறை சமவெளியை விட்டுவிடுங்கள். அது 2,100 மீட்டருக்கு மேல், காற்றும் அதிகம்.

கேள்வி: திரும்பி வரும்போது மரக்கறி வாங்கலாமா? சந்தையிலா, வீதியோரத்திலா? (வவுனியா வாசகர்)

பதில்: வீதியோரத்தில் வாங்குங்கள், அன்று பிடுங்கியதாக இருக்கும். கரட்டில் இலை வாடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கழுவிப் பளபளப்பாக அடுக்கியதை விட மண்ணோடு இருப்பது நாள்பட நிற்கும். பீற்றூட்டும் கோவாவும் பயணம் தாங்கும். ஸ்ட்ரோபெரி தாங்காது, வாங்கின இடத்திலேயே தின்றுவிடுங்கள். லீக்ஸை ஏசி போட்ட வானுக்குள் வைக்க வேண்டாம். கூரையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் தம்புள்ளை தாண்ட முன்னமே வீட்டுக்காரி உங்களையும் லீக்ஸையும் சேர்த்து இறக்கிவிடுவார்.