429 கோடியும் ஐந்து வகுத்தலும்

கேள்வி: 4294967297 பகா எண்ணா? கடைசி இலக்கம் 7, இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. அதனால் 2, 3, 5 வகுக்காது. 100 வரை உள்ள மற்ற பகா எண்களையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன், எதற்கும் மீதியில்லாமல் போகவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். (எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது. உங்களிடம் இருப்பது பெரியது போல.) முறைப்படி பார்த்தால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், குறுக்குவழி உண்டு.

உங்கள் எண் 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1 சேர்ந்தது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வரும் இதே குடும்பத்தில் முன்னே வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-ல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார். வேடிக்கை என்னவென்றால், உடைத்த சுத்தியல் ஃபெர்மாவுடையதே.

சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. அப்புறம் மறுபடி 2. எட்டில் ஒரு சுற்று. அந்த 8, 17-ல் ஒன்று குறைந்த 16-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது. 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் நடக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது இது. 17 என்பது 2-ன் 4-ஆம் அடுக்கோடு 1. சுற்று அந்த 4-ன் இரட்டிப்பு. உங்கள் எண்ணில் 4-க்குப் பதில் 32. ஆகவே அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணுக்கும் சுற்று 64. பகா எண்ணில் ஒன்று குறைந்ததைச் சுற்று வகுக்கும் என்பதால், அந்தப் பகா எண் 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தே தீர வேண்டும். உங்கள் கால்குலேட்டர் வேலை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் 100-க்குள் அப்படிப்பட்ட பகா எண் ஒன்றுகூட இல்லை!

அதற்கு மேல் 193, 257, 449, 577, 641. நான் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். 193-க்கு மீதி 109. 257-க்கு 2, கிட்டே வந்து ஏமாற்றியது. 449-ல் கடன் வாங்கியதை மறந்து ஒரு முறை தப்பாகப் போட்டேன். திரும்பப் போட்டால் 325. 577-க்கு 288. ஐந்தாவது, 641: மீதி பூஜ்யம், ஈவு 6700417.

அந்த 6700417 இன்னும் உடையுமா என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கும் அதே 64 விதிதான். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 641-இலிருந்து அதுவரை சோதிக்க வேண்டியவை ஏழே எண்கள்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஒன்றும் வகுக்காது. சரிபார்க்க ஆசை என்றால், இப்போது கால்குலேட்டரை எடுங்கள்.