பால் வாங்கப் போக 21 கியர் எதற்கு?

கேள்வி: வயது 54, உயரம் 5 அடி 2 அங்குலம். காலையில் பார்க் வரை ஒரு சுற்று, வரும் வழியில் பால், காய்கறி, இதற்குத்தான் சைக்கிள். மகன் காட்டிய 21 கியர் சைக்கிளை இரண்டு தெரு ஓட்டியதில் மணிக்கட்டும் இடுப்பும் வலித்ததுதான் மிச்சம். எதை வாங்குவது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: மயிலாப்பூரில் மலை ஏது? கியர் இல்லாத சைக்கிளே போதும், ரிப்பேரும் குறைவு. வலிக்குக் காரணம் நீங்கள் முன்னால் குனிந்து உடம்பின் பாரத்தைக் கையில் போட்டதுதான். ஹேண்டில்பார் சீட்டை விட உயரமாக, உங்கள் பக்கம் வளைந்து வருகிற மாதிரி இருந்தால் முதுகு நிமிரும், கை லேசாகும். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் முழுக்கச் சீட்டுக்கு வரும் என்பதால் அது அகலமாக, அடியில் ஸ்பிரிங் வைத்ததாக இருக்கட்டும், ஆனால் அமுங்கிப் போகிற பஞ்சு சீட் வேண்டாம், அரை மணியில் தொடையை உரசும். குறுக்குக் கம்பி தாழ்ந்த லேடீஸ் மாடல், 26 அங்குலச் சக்கரம், கொஞ்சம் அகல டயர். முன்பக்க ஷாக் அப்சார்பருக்குக் காசு கொடுக்காதீர்கள், எடைதான் கூடும். செயின் கவர் மட்டும் கட்டாயம், புடவையோ துப்பட்டாவோ மாட்டினால் தெரியும் சேதி!

அப்புறம் சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பயமாக இருந்தால் முதல் வாரம் ஒரு அங்குலம் இறக்கிக்கொள்ளுங்கள். கடைக்கு மகனை மட்டும் அனுப்பாமல் நீங்களே போய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்.