ஹலீனா ரெய்னின் மேடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

'பேபிகேர்ள்' படம் பார்த்தேன். இயக்குநர் ஹலீனா ரெய்ன் யாரென்று தேடினால், நெதர்லாந்தில் வெகுகாலம் நாடகத்திலும் டிவியிலும் நடித்தவர் என்று வருகிறது. இவ்வளவு திறமை உள்ளவர், ஒரு சின்ன மொழியின் மேடையில் இத்தனை வருடத்தை வீணடித்துவிட்டாரே என்று ஆதங்கமாக இருந்தது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

ர., மதுரை

அன்புள்ள ர.,

வீணடித்தார் என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். நிக்கோல் கிட்மனின் கணவராக வரும் அந்தோனியோ பண்டேராஸ் அதில் ஒரு நாடக இயக்குநர். அவர் ஒத்திகை பார்ப்பது நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'ஹெட்டா காப்ளர்'. 2006இல் ஆம்ஸ்டர்டாம் மேடையில் ஹெட்டாவாக நின்றவர் ஹலீனா. வசதியான வீடு, குறைசொல்ல முடியாத கணவர், ஆனாலும் உள்ளுக்குள் மூச்சுமுட்டும் ஒரு பெண். அந்தப் பெண்ணை மேடையில் வாழ்ந்து பார்த்தவரால்தான் இந்தப் படத்தை எழுதியிருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1975இல் பிறந்தவர், மாஸ்ட்ரிக்ட் நாடகப் பள்ளியில் படித்தவர். 2003இல் டோனேல்குரூப் ஆம்ஸ்டர்டாமில் சேர்ந்தார். பெல்ஜியத்துக்காரரான ஈவோ வான் ஹோவே அப்போது அதன் இயக்குநர். அரசு மானியத்தில் நடக்கும் குழு அது. ஒரே நடிகர்கள் வருடக்கணக்கில் சேர்ந்து நடிப்பார்கள். பழைய நாடகங்களையும் விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப மேடையேற்றுவார்கள். ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி கேத்தரினா, இப்சனின் நோரா என்று பெரிய வேடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு வந்தன. ஒரு வேடத்தோடு இவ்வளவு நாள் பழகும் வாய்ப்பை சினிமா எந்த நடிகைக்குக் கொடுக்கிறது, சொல்லுங்கள்?

அவருடைய உழைப்பின் உச்சம் என்று நான் நினைப்பது 2009இல் வந்த தனிநபர் நாடகம். 1930இல் பாரிஸில் முதலில் மேடையேறிய, ழான் கொக்தோ எழுதிய 'மனிதக் குரல்'. கைவிட்டுப் போன காதலனோடு ஒரு பெண் கடைசியாக போனில் பேசுகிறாள், அவ்வளவுதான் கதை. வான் ஹோவே ஹலீனாவை ஒரு பெரிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கிட்டத்தட்ட காலியான அறையில் நிறுத்தினார். எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்காது. சாய்ந்துகொள்ள சக நடிகர் கிடையாது. எதிரில் இருப்பவன் என்ன சொன்னான் என்பதை அவர் முகத்தையும் மௌனத்தையும் வைத்துத்தான் சபை புரிந்துகொள்ள வேண்டும். சின்ன மொழி என்றீர்களே, டச்சிலேயே நடித்தபடி இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார். மொழிபெயர்ப்பு எழுத்தில் ஓடியது.

இடையில் சினிமாவும் செய்தார். பால் வெர்ஹோவனின் 'கறுப்புப் புத்தகம்' 2006இல் வந்தது. 1956இல் இஸ்ரேலுக்குச் சுற்றுலா வந்து, பழைய தோழி பள்ளிக்கூட டீச்சராக இருப்பதைப் பார்த்துத் திகைக்கும் ரோனி அவர்தான். அந்தத் தோழி கரீஸ் வான் ஹவுட்டன். நிஜத்திலும் நெருங்கிய சிநேகிதி. பிறகு இருவரும் சேர்ந்தே தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். ஹலீனா முதலில் இயக்கிய 'இன்ஸ்டிங்க்ட்' (2019) படத்தின் நாயகியும் கரீஸ்தான். சிறையில் ஒரு பாலியல் குற்றவாளியிடம் மனம் தடுமாறும் உளவியல் நிபுணர் வேடம். அந்த வருடம் நெதர்லாந்து ஆஸ்கருக்கு அனுப்பிய படம் அது.

மேடையை ஏன் விட்டார் என்று அடுத்து கேட்பீர்கள். மேடை பயம் தன்னை எப்படி வாட்டியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படியொரு பயத்தோடு ஹெட்டாவையும் நோராவையும் சுமந்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. கேமராவுக்கு முன்னால் நடிப்பவரின் நடுக்கம் அவருக்குத் தெரியும். கிட்மன் 'பேபிகேர்ள்' படத்தில் அவ்வளவு துணிந்து தன்னை ஒப்படைத்ததற்கும், 2024இல் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, அவர் நடிப்பைப் பார்க்க ஆசை இருந்தால் 2020இல் வந்த 'ரெட் லைட்' தொடரைத் தேடிப் பாருங்கள். ஆண்ட்வெர்ப்பின் சிவப்பு விளக்குப் பகுதியைச் சுற்றி நடக்கும் கதை. கணவன் திடீரென்று காணாமல் போய்விட்ட ஓப்பரா பாடகியாக ஹலீனா வருகிறார், கரீஸும் உண்டு. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.